இஸ்திரி அக்கா குழந்தைக்கு நான் ஓதிய சூரா

பிள்ளைகளே, போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் உங்களில் சின்னவள் ஒரு கேள்வி கேட்டாள். குர்ஆன் நமக்கு மட்டும் சொன்னதா, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் சேர்த்துச் சொன்னதா என்று. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவன். மார்க்கம் படித்த பெரிய ஆலிம்கள் உட்கார்ந்து பேசுகிற விஷயத்தை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அவளும் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

ஆனால் எனக்கு அது புதுக் கேள்வி இல்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்தக் கேள்வி மீன் முள் மாதிரி தொண்டையில் சிக்கிக்கொண்டு, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் என்னைச் சோறு தின்ன விடவில்லை. பதில் எனக்குத் தெரியாது. நடந்தது தெரியும். அதைச் சொல்கிறேன்.

சுனாமி வந்த வருஷம் அது. சுனாமிக்கு முந்தைய ஆடி மாசம். சேலையூரில் தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது தெருவில் எங்கள் வீடு, அதற்கு நாலு வீடு தள்ளிப் பள்ளிவாசல். சின்னப் பள்ளிவாசல்தான். நாற்பது பேர் நின்றால் நிறைந்துவிடும்.

அந்தப் பள்ளிவாசல் வாசலில் ஒரு பழக்கம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில், கைக்குழந்தையோடு பெண்கள் வந்து வெளிச் சுவரோரம் நிற்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும், பால் குடிக்காமல் அழும், தூக்கத்தில் வீரிடும். சிலர் கையில் சொம்பில் தண்ணீர் இருக்கும். தொழுதுவிட்டு வருகிற ஆண்கள் ஒரு நிமிஷம் நின்று, வாய்க்குள் எதையாவது ஓதி, குழந்தையின் முகத்தில் மெதுவாக ஊதிவிட்டுப் போவார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். கழுத்தில் சிலுவை போட்டவர்களும் வருவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி நிற்பார்கள், ஊதினதும் போய்விடுவார்கள்.

எங்களைப் போன்ற பொடியன்களுக்கு அதில் வேலை இல்லை. ஊதுவதற்கு மீசையாவது வேண்டும் என்று நாங்களே ஒரு சட்டம் வைத்திருந்தோம்.

அன்றைக்கு என் செருப்பில் ஒன்று காணவில்லை. எவனோ தன்னுடையதில் ஒன்றும் என்னுடையதில் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் வாசற்படிக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் தேடிவிட்டு, கிடைத்த ஜோடியில்லாத செருப்புகளை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். சுவரோரம் ஏழெட்டுப் பேர் நிற்கிற இடத்தில் ஒரே ஒருத்தர்தான் நின்றிருந்தார். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிற இஸ்திரி அக்கா. தோளில் அவருடைய ஒரு வயசுக் குழந்தை, துவண்டுபோய்.

என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"தம்பி, நீ பாய் வூட்டுப் புள்ளதானே? நீயாவது ஊதிட்டுப் போ கண்ணு. ரெண்டு நாளா காய்ச்சல் கீது. ஒடம்பு இஸ்திரிப் பெட்டி மாரி கொதிக்குது."

எனக்கு மீசை இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லையா என்று பார்த்தேன். அவர் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். அதன் கண் பாதி மூடியிருந்தது. மூச்சு என் கன்னத்தில் சுட்டது.

என்ன ஓதுவது? பெரியவர்கள் வாய்க்குள் ஓதுவதால் அவர்கள் எதை ஓதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரம்தான் குர்ஆனின் ஒரு சூராவை, அதாவது ஒரு அத்தியாயத்தை, எங்களுக்கு ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்திடம் பிழையில்லாமல் ஒப்பித்திருந்தேன். மூன்று நாள் பிரம்படி வாங்கி நாலாம் நாள் "ம்" என்ற ஒற்றை வார்த்தையைப் பரிசாக வாங்கிய சூரா. அது என் நாக்கிலேயே நின்றுகொண்டிருந்தது. காஃபிரூன் சூரா. ஆறே வரி. கண்ணை மூடி, ராகம் போட்டு, சத்தமாகவே ஓதினேன். பெரியவர்களைப் போல வாய்க்குள் முணுமுணுத்தால் நான் சரியாக ஓதியது அக்காவுக்கு எப்படித் தெரியும்? முடித்துவிட்டு மூன்று தடவை ஊதினேன். மூன்றாவது ஊதலில் கொஞ்சம் எச்சிலும் தெறித்தது. குழந்தை முகத்தைச் சுளித்தது.

"நல்லாருப்ப ராஜா" என்று அக்கா என் தொப்பி மேல் கையை வைத்தார்.

வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை. ஜோடியில்லாத செருப்போடு ஒரு டாக்டர் போனார்.

வீட்டில் என் அக்கா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அக்காவை நாங்கள் லாத்தா என்றும் அப்பாவை அத்தா என்றும்தான் கூப்பிடுவோம். என் பெருமையைக் கேட்க அந்த நேரத்தில் அவள்தான் கிடைத்தாள். அம்மா அடுப்படியில் இருந்தார், அத்தா கடையிலிருந்து தொழுகைக்கு வந்துவிட்டு மறுபடியும் கடைக்குப் போயிருந்தார். நான் ஊதிய கதையைச் சொன்னேன். எச்சில் விஷயத்தை விட்டுவிட்டேன்.

"எந்த சூராடா ஓதின?" என்றாள் லாத்தா.

சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், அதுக்கு அர்த்தம் தெரியுமாடா உனக்கு?" என்று கிசுகிசுத்தாள்.

பிள்ளைகளே, நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ. ஓதியதற்கு அர்த்தம் என்று ஒன்று இருக்கும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து காலையில் ஓதப் போகிறேன். எழுத்து தெரியும், எங்கே நீட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். காய்ச்சல் மாத்திரைக்கு ஒரு கசப்பு இருக்கிற மாதிரி ஓதலுக்கு ஒரு ஓசை இருக்கிறது, அந்த ஓசைதான் மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரைக்கு யாராவது அர்த்தம் கேட்பார்களா?

லாத்தா கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அலமாரியின் மேல் தட்டில் துணியுறைக்குள் இருந்த தமிழ் அர்த்தம் போட்ட குர்ஆனை எடுத்தாள். மாமா எப்போதோ வாங்கித் தந்தது. கடைசிப் பக்கங்களில் தேடி, விரலை வைத்துக்கொண்டு படித்துக் காட்டினாள். நான் ஓதிய சூரா, நம்ப மறுக்கிறவர்களே என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. நீங்கள் கும்பிடுவதை நான் கும்பிட மாட்டேன், நான் வணங்குகிறவனை நீங்கள் வணங்குவதில்லை என்று மாற்றி மாற்றிச் சொல்கிறது. உங்கள் வழி உங்களுக்கு, என் வழி எனக்கு என்று முடிகிறது.

எனக்குக் காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம் கேட்டது.

"நல்லா சொன்ன போ. காய்ச்சல்ல கெடக்கற புள்ளைய தூக்கிட்டு வந்து நின்னவங்கள பாத்து, உங்க வழிய பாத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்க. அதுவும் ராகம் போட்டு" என்றாள் லாத்தா.

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். எனக்குக் கேலியாகப் படவில்லை. என்னை அதிரவைத்தது அந்த வரிகூட இல்லை, அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதுதான். நம்முடைய வேதம் நம்மிடம்தான் பேசும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் எங்களைத் திட்டிக்கொண்டே இருக்கிற அத்தா, திடீரென்று ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு, அவர்களிடமே பேசுகிறது. அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு போய், கண் சொருகிக் கிடந்த ஒரு குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று சொன்னவன் நான்.

"அவங்களுக்கு நல்லதா வேற ஏதாவது சொல்லியிருக்கா பாரேன் லாத்தா" என்று கெஞ்சினேன்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு இடத்தில் நம்பிக்கை கொண்டவர்களே என்று கூப்பிட்டது. ஒரு இடத்தில் மனிதர்களே என்று கூப்பிட்டது. நிறைய இடங்களில் யாரையும் கூப்பிடாமலே பேசிக்கொண்டு போனது, வானத்தைப் பற்றி, மழையைப் பற்றி, அநாதைப் பிள்ளையை விரட்டாதே என்பதைப் பற்றி.

"யாரையும் கூப்பிடாம சொல்றதெல்லாம் யாருக்கு?"

"எனக்கென்னடா தெரியும். யார் கேக்கறாங்களோ அவங்களுக்கு இருக்கும். வந்து சாப்பிடு."

சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். காலையில் முதல் வேலையாக இஸ்திரி வண்டிக்குப் போய், மனிதர்களே என்று கூப்பிடுகிற எதையாவது ஓதி, முதலில் ஊதியதை அழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கரும்பலகையில் தப்பாக எழுதியதை அழித்துவிட்டு எழுதுவதில்லையா, அந்த மாதிரி.

காலையில் தெருமுனைக்கு ஓடினேன். வண்டி இருந்தது. அதன் மேல் நீலத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருந்தது. தேய்க்க வந்த துணிமூட்டை ஒன்று பிரிக்காமல் அடியில் கிடந்தது. பக்கத்தில் பால் பாக்கெட் விற்கிற அண்ணனிடம் கேட்டேன்.

"தெரியாதா ஒனக்கு? நேத்து சாய்ங்காலம் பள்ளிவாசலாண்ட போய்ட்டு வூட்டுக்கு வந்துச்சாம். வந்த பத்தாவது நிமிஷம் கொழந்தைக்கு வலிப்பு. கையும் காலும் இயுத்துகினு, வாயில நொர. ஆட்டோவுல தூக்கிப் போட்டுகினு குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. இன்னா ஆச்சோ, ஒண்ணும் தகவல் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த ஆளுக்குப் பாக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

பத்தாவது நிமிஷம்.

நான் ஊதி முடித்து வீட்டுக்கு வந்து லாத்தாவிடம் பீற்றிக்கொண்டிருந்த நேரம் அது. நான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். உன் வழியைப் பார்த்துக்கொள் என்று நான் சொன்னேன். குழந்தை தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடியே நான் கேம்ப் ரோட்டுக்கு ஓடினேன். அத்தாவின் கடை அங்கேதான். தகர ஷட்டர் போட்ட ஒரு பொந்து. வாசலில் நாலைந்து வண்டிகள் சீட் இல்லாமல் நிற்கும், உள்ளே அத்தா தையல் மெஷினில் ரெக்ஸின் துணியைத் தைத்துக்கொண்டிருப்பார். அடிப்பார் என்று தெரியும். பள்ளிக்கூடம் போகாததற்கு ஒரு அடி, ஊதியதற்கு ஒரு அடி, கொலைக்கு எத்தனை அடி என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். செருப்பு, சூரா, அர்த்தம், வலிப்பு, நுரை.

அத்தா மெஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வெளிய வர்றப்பயும் அந்தப் பொண்ணு அங்கேயேதான் நின்னுச்சா?"

அதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. ஆமாம் என்றேன். தனியாகவா என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. நான் ஓதிய சூராவால் வெளுத்தது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை உங்களுக்கு இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஒரு பேச்சு நடந்திருந்தது. அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அந்த மாதிரிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று ஊதுவது சரியா என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். குர்ஆன் தாயத்து இல்லை, அதை நம்பாதவர்களுக்கு ஊதி அனுப்பினால் மந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள், படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதை ஊதிக் காற்றில் விடுகிறோம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை பிள்ளைகளே. அக்கறையாகத்தான் பேசினார்கள். நம்பி வந்து நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்புவது எந்த மார்க்கம் என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். சத்தம் கூடிப்போய், கடைசியில் சண்டை வேண்டாம், கொஞ்ச நாளைக்கு யாரும் வாசலில் ஊத வேண்டாம் என்று முடிவானது. அந்தப் பெண்களிடம் யார் போய்ச் சொல்வது என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை.

இரண்டு மூன்று நாளில் பெண்களே புரிந்துகொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டோடு கிடந்த இஸ்திரி அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியவில்லை.

அத்தா அரைகுறையாகத் தைத்த சீட்டை அப்படியே விட்டு ஷட்டரை இழுத்தார். வாசலில் நின்ற வண்டிக்காரர் ஒருவர், "பாய், சீட்டு இல்லாம நான் எப்படி ஓட்டறது?" என்று கத்தினார். அத்தா காதில் வாங்கவில்லை. என்னை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்தார். தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஏறி, சானடோரியம் வழியாகக் குரோம்பேட்டைக்கு. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா சூராக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மனசுக்குள் ஓதிக்கொண்டே வந்தேன். அந்த ஒன்றை மட்டும் ஓதவில்லை. அது வரிசையில் வரும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு எங்கே என்று கேட்டு மாடிக்குப் போனோம். நீள வராந்தா. பினாயில் வாசம். கடைசிக் கட்டிலில் இஸ்திரி அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை.

அசையாமல் கிடந்தது.

வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அத்தா என் கையைப் பிடித்து இழுத்தார். கிட்டே போனபோது குழந்தையின் வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது. புறங்கையில் ஊசி குத்தி, அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தது.

"வா பாய். நீ எங்க இந்தாண்ட?" என்றார் அக்கா. குரல் கட்டியிருந்தது. "இப்ப பரவால்ல. காய்ச்சல் மண்டைக்கு ஏறிச்சுன்னா கொழந்தைங்களுக்கு இப்டி வருமாம். ரெண்டு நாளா இன்னா பண்ணிகினு இருந்தன்னு டாக்டரம்மா கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க."

பிள்ளைகளே, இதை நடுவில் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்றால் முதலில் டாக்டர். ஓத வேண்டியதைப் போகிற வழியில் ஓதிக்கொள்ளலாம். அந்த டாக்டரம்மா திட்டியது சரி.

குழந்தை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"ஏன் பாய் புள்ள அழுவுது? அடிச்சியா?"

"நான் ஓதினது தப்பு சூரா அக்கா" என்றேன்.

"தப்புத் தப்பா ஓதிட்டியா?"

"இல்ல. சரியாத்தான் ஓதினேன். அர்த்தம்தான்..." என்று திக்கித் திக்கிச் சொன்னேன். லாத்தா படித்துக் காட்டியதை வரிசை மாறாமல் சொன்னேன். நம்பாதவர்களே என்று கூப்பிடுவது. நீங்கள் கும்பிடுவது வேறு, நான் வணங்குவது வேறு. உங்கள் வழி உங்களுக்கு, என் வழி எனக்கு. பக்கத்துக் கட்டில் அம்மாகூட எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

இஸ்திரி அக்கா முகத்தை என் பக்கம் வைத்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். நான் நிறுத்தினதும், "அப்பறம்?" என்றார்.

"அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? மேல சாபம் கீபம் ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா."

"அப்ப இன்னாத்துக்குடா அழுவுற? ஒங்க சாமி ஒங்களுக்கு, எங்க சாமி எங்களுக்கு. நாயந்தானே? இந்த ஆடியில நீ வந்து எங்க அம்மனுக்குக் கூழு ஊத்தப் போறியா, நான் வந்து ஒங்க பள்ளிவாசல்ல குனிஞ்சி நிமிரப் போறனா? ஒங்க வூட்டுத் துணிய நான் தேய்க்காமயா வுட்டேன்? இத்த சொல்றதுக்கா ஒங்க சாமி தனியா ஒரு பாட்டு வெச்சிருக்கு?"

பாட்டு என்று சொன்னதில் எனக்குத் திக்கென்றது. அத்தா கோபப்படுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சேலை முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். அப்புறம் அத்தாவிடம் திரும்பினார். சண்டை பிடிக்கிற குரல் இல்லை. ஒரு சட்டையில் பொத்தான் இல்லாததைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"நேத்து நீ கண்ணாடிய தொடச்சிகினே போயிட்டியே பாய். பாய், பாய்னு ரெண்டு வாட்டி கூப்டேன். காதுல வியல போல."

நான் அத்தாவைப் பார்த்தேன். வண்டிச் சத்தத்தில், மெஷின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம் என்று அவர் வீட்டில் அடிக்கடி சொல்வார். அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"விழுந்துச்சும்மா" என்றார் அத்தா.

அக்கா குழந்தையின் ஊசிக் கையை நேராக்கி வைத்தார். வராந்தாவின் அந்தக் கோடியில் யாரோ மருந்துச் சீட்டுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தார்.

"இந்தா, இத்த புடி. ஊசி போட்ட கை அசங்கக் கூடாது. நான் மருந்து வாங்கியாறேன்" என்று குழந்தையை அத்தாவின் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரிசைக்குப் போய்விட்டார்.

அத்தா குழந்தையை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எங்களைத் தூக்கி அவருக்குப் பழக்கமே இல்லை. கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தார். அவர் பெரியவர், மீசை தாடியெல்லாம் இருக்கிறது, இப்போது சரியான சூராவை ஓதி ஊதுவார், நான் செய்ததெல்லாம் அழிந்துவிடும் என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசையவே இல்லை. குழந்தை தூக்கத்தில் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. அக்கா வந்து விரல்களைப் பிரித்து எடுக்கிற வரைக்கும் அவர் அப்படியே இருந்தார்.

குழந்தை நாலு நாளில் வீட்டுக்கு வந்தது. இன்றைக்கு அது பொத்தேரியில் ஒரு கடையில் செல்போன் பழுது பார்க்கிறது, என்னைவிட உயரம். அதை அப்புறம் ஒரு நாள் காட்டுகிறேன். நான் சொல்ல வந்தது திரும்பி வந்த வழியைப் பற்றி.

சானடோரியம் தாண்டியதும், ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் அத்தா மொபெட்டை நிறுத்தினார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, "நீ நேத்து ஓதினத ஓது" என்றார்.

அடி இங்கேதான் விழப்போகிறது என்று நினைத்தேன். ஓதினேன். லாரிச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அர்த்தமும் சொல்லு."

அக்காவிடம் சொன்னதைச் சொன்னேன்.

"மறுபடியும் ஓது."

ஓதினேன். காஃப் என்ற எழுத்தைத் தொண்டையிலிருந்து எடுக்கவில்லையோ, நீட்ட வேண்டிய இடத்தில் குறைத்துவிட்டேனோ என்று பயந்து, ஹஜ்ரத் முன்னால் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசி வரி வந்ததும், "அந்த வரிய இன்னொரு தடவ" என்றார்.

அந்த வரியை இன்னொரு தடவை ஓதினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது. மூன்று தடவை ஓதவைத்தும் அத்தாவால் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.